உயிர்மீட்பு விதிகள்: திருத்திய பிரதி

ஜூலை 1, திங்கள்

குடித்த நீர் 650 மி.லி. எடை, போகும்போது 63.4, வரும்போது 61.

இந்த நோட்டை மருத்துவமனை டயட்டீஷியன் கொடுத்தார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒரு நாளில் என்னென்ன குடித்தோம் என்று இதில் எழுதிவைக்க வேண்டும். காபி, மோர், ரசம், மாத்திரைக்கு விழுங்கிய தண்ணீர் எல்லாம் சேர்த்தி. எனக்கு அனுமதி எழுநூறு மில்லி. அதை எழுத ஒரு வரி போதும். மிச்சப் பக்கம் காலியாகக் கிடந்து என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறவன். காலி இடத்தைக் கண்டால் ஒரு மலையாவது வரையாமல் கை நிற்காது. ஆகவே இன்று முதல் எழுதுகிறேன்.

திங்கள், புதன், வெள்ளி காலை ஏழிலிருந்து பதினொன்று வரை நான் இருப்பது பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் அறையில், ஜன்னலோரம் நடுக்கட்டில். இந்தப் பக்கம் ஜெசிந்தா அக்கா, தையல் கடை வைத்திருப்பவர். அந்தப் பக்கம் மீரான் பாய், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மூன்று பேருக்கும் கிட்னி வேலைநிறுத்தம். ஒரு கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக இரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகி, மற்றதன் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிர்ச் சுவரில் ஒரு டிவி. அதில் ஓடும் தொடரில் ஒரே மாமியார் மூன்று வாரமாக ஒரே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் ஆழிச்சுழி விளையாட்டை ஆரம்பித்தேன். கல்லூரி நாளிலிருந்து கம்ப்யூட்டரில் மாய உலக விளையாட்டுகள் ஆடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். ஒற்றைக் கையால் அதெல்லாம் ஆகாது என்பதால் வாயால் ஆடுகிற மாதிரி ஒன்றை நானே உண்டாக்கினேன். ஆழிச்சுழி என்பது ஒரு நாடு. அதன் மலை, ஆறு, அரசன், பேய் எல்லாம் என் பொறுப்பு. "முன்னால ஒரு கோட்டை இருக்கு, என்ன செய்யப் போறீங்க?" என்று நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். ஜெசிந்தா அக்கா பூங்கொடி என்ற ராட்சசியாக வருகிறார். மீரான் பாய் ஓணான் என்ற திருடன்.

கட்டை தட்டில் விழுந்து சத்தம் போடுகிறது என்று பக்கத்து அறையிலிருந்து புகார் வந்தது. எங்கள் டெக்னீஷியன் ஆவுடைத்தங்கம் இன்று ஒரு கிட்னி ட்ரேயில் துண்டை மடித்துப் போட்டுக் கொடுத்தாள். அவரை விதை போல வளைந்த எஃகுத் தட்டுக்கு ஆஸ்பத்திரியில் அதுதான் பேர். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மூணு பேருக்கும் சேத்து ஒழுங்கா வேலை பாக்குத கிட்னி இது ஒண்ணுதான் வே" என்றார். சிரித்த சிரிப்பில் மூன்று இயந்திரமும் அலாரம் அடித்தன.

ஜூலை 3, புதன்

640 மி.லி.

ஓணான் செத்துப்போனான். ராணியின் தங்கச் சீப்பைத் திருடுவதற்குக் கோபுரத்தில் ஏறினான். கயிறு கட்டிக்கொண்டு ஏறச் சொல்லி ஜெசிந்தா அக்கா தலைபாடாய்ச் சொன்னார்.

"முப்பத்திரெண்டு வருசம் ஓடுத பஸ்ல படியில நின்னவன் நான். எனக்கு எதுக்குக் கயிறு?" என்று பாய் கட்டையை உருட்டினார். இரண்டு விழுந்தது. என் விதிப்படி இரண்டு விழுந்தால் கால் வழுக்கும். கீழே கிணறு.

"கெணத்துல தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். பாழுங்கிணறு."

"நமக்கு எங்க போனாலும் தண்ணி கெடையாது" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பிரஷர் ஏறியது. ஆவுடைத்தங்கம் ஓடி வந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். "சார், அந்தத் திருடன எப்படியாவது எழுப்பிருங்க. இல்லாட்டி இவருக்குப் பிரஷர் எறங்காது."

இஷ்டத்துக்கு எழுப்ப முடியாது, செத்தவர் எழுவதற்கு நாட்டில் ஒரு முறை வேண்டும், விதிகளை எழுதி வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிரஷர் இறங்கியது.

டாக்டர் வந்தார். என் இடது கை நரம்பைத் தொட்டுப் பார்த்தார். ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து தடிப்பாக்கிய நரம்பு. வலது கையில் செய்தது போன வருடமே அடைத்துக்கொண்டது. "இதுவும் போச்சுன்னா அடுத்து இடம் தேடுறது கஷ்டம் சார். மாற்று கிட்னிதான் நல்ல வழி. வீட்ல குடுக்குற மாதிரி யாரும் இருக்காங்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

700. ரசம் கொஞ்சம் கூடிவிட்டது.

காலையிலிருந்து ஆழிச்சுழியின் சாவைப் பற்றி யோசித்தேன். முதலில் இடம். செத்தவர்கள் போவது நாட்டுக்குத் தெற்கே இருக்கும் ஒரு உப்பங்கழிக்கு. அங்கிருந்து அவர்களைக் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று பிணமெழுப்புதல், மற்றது உயிர்மீட்பு. சுலபமானதை முதலில் எழுதினேன்.

பிணமெழுப்புதலுக்கு ஒரு உடம்பும் ஒரு மந்திரவாதியும் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை, செத்தவனைக்கூட. எழுந்தவன் நடப்பான், பேசுவான், கடைக்குப் போய் வருவான். ஆனால் அவன் உயிர் மந்திரவாதியின் பானைக்குள் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் அங்கே போய், பானையோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நான்கு நாழிகை உட்கார வேண்டும். தவறினால் மூச்சு முட்டும். உப்பு ஆகாது. தண்ணீர் அளந்துதான். இளநீர் குடித்தால் நெஞ்சு நின்றுவிடும். எங்கிருந்துதான் இதெல்லாம் எனக்குத் தோன்றுகிறதோ. கற்பனை வளம் என்றால் சும்மாவா.

என் கிறுக்கலை யாரும் படிக்க முடியாது. சுத்தப் பிரதி எடுப்பது பகவதியின் வேலை. என் மனைவி பகவதி, பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். எதை எழுதினாலும் அந்த நடைதான் வரும். "மேற்படி பிணமானது மேற்படி மந்திரவாதியின் முழு அனுபோகத்தில் இருந்துவர வேண்டியது" என்று எழுதிவைத்திருக்கிறாள்.

"விளையாட்டுக்குப் போய் மேற்படி எதுக்கு?" என்றேன்.

"நாளப்பின்ன வில்லங்கம் வரக்கூடாதுல்லா" என்றாள்.

ஜூலை 5, வெள்ளி

610. எடை 62.9, 61.

இன்றைக்கு நடந்ததை எழுத ஒரு பக்கம் போதாது. ஊசி குத்தி முடிந்ததும் பகவதியின் பிரதியை உரக்க வாசித்தேன். உப்பு ஆகாது என்ற இடத்தில் ஜெசிந்தா அக்கா தலையைத் திருப்பினார். தண்ணீர் அளந்துதான் என்ற இடத்தில் பாய் கண்ணைத் திறந்தார். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனேன்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றார் அக்கா. "அந்தப் பானைக்கு அலாரம் உண்டா?"

"பானைக்கு எதுக்கு அலாரம்?"

"இல்ல, காத்து ஏறிட்டுன்னா பீப் பீப்னு கத்துமான்னு கேட்டேன்."

பாய் எழுந்து உட்காரப் பார்த்தார். "வே வாத்தியாரே! இது நாமல்லா! நாமதான் வே பொணம்!"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன், என்னோடு கட்டியிருந்த குழாயைப் பார்த்தேன். அவ்வளவுதான். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எதிர்வரிசையில் இருந்தவர்கள் என்ன என்று கேட்க, அக்கா அவர்களுக்கும் சொல்ல, அறை முழுக்கப் பரவிவிட்டது. ஆவுடைத்தங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப இங்க மந்திரவாதி யாரு?" என்று கேட்டாள். பதினோரு கட்டிலிலிருந்தும் அவளைக் கை காட்டினார்கள். எல்லாரும் ஊசி இல்லாத நல்ல கையைத்தான் காட்டினார்கள், பழக்கம்.

ஓணானைப் பிணமாகவே எழுப்பச் சொல்லிவிட்டார் பாய். "அஞ்சு வருசமாப் பழகுன தொழில். அவனுக்கு நான் சொல்லிக் குடுக்கேன்."

கிளம்பும்போது ஜெசிந்தா அக்கா கேட்டார். "சரி தம்பி, பொணமா இல்லாம, முழுசா உசுரோட வாறதுக்கும் வழி வச்சிருக்கேன்னியே. அது என்ன?"

எழுதிக் கொண்டு வருகிறேன் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

680.

உயிர்மீட்பு விதிகள் முடிந்தன. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் உயிரில் பாதியைச் செத்தவருக்குத் தர வேண்டும். தருபவர் தானாக விரும்பித் தர வேண்டும். வாங்குகிறவர் தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே யாரையும் கேட்காமல் எதுவும் நடக்காது, பிணமெழுப்புதலுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். நான்காவது விதி: தருபவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ தர முடியாது.

பகவதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுத்தாள். நான்காவது விதியில் பேனா நின்றது.

"இதென்ன, புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆகாதா? எங்க ஆபீஸ்ல சொத்தத் தானமா செட்டில்மெண்ட் எழுத வாற பாதிப் பேரு புருசன் பொண்டாட்டிதான்."

"இது நிலமா என்ன? உயிரு."

"நிஜத்துலயும் அப்படித்தான சொன்னீங்க? கிட்னிக்கு?"

"ஆமா. டாக்டர் சொன்னாருல்லா. இரத்தச் சொந்தம்தான். எனக்குக் கூடப்பொறந்தவங்க கெடையாது. அம்மா அப்பாவும் இல்ல. அதோட சரி."

அவள் "ம்" என்று சொல்லிவிட்டு எழுதினாள்.

விதி என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் ஒன்று, ஆழிச்சுழியில் ஒன்று என்றிருந்தால் குழப்பம். அதற்காகத்தான் அந்த விதியைப் போட்டேன். வேறு காரணம் இல்லை.

ஜூலை 8, திங்கள்

700. கெண்டைக்கால் பிடித்து உயிரை வாங்கிவிட்டது. விளையாட்டு இல்லை.

ஜூலை 10, புதன்

எவ்வளவு குடித்தேன் என்று நினைவில்லை.

சுத்தப் பிரதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது மணிக்குப் பகவதி அதை எடுத்துக்கொண்டு அறை வாசலில் நிற்கிறாள். ஆபீசுக்குப் போகிற வழியாம். ஆவுடைத்தங்கம் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். பாய் விடவில்லை. "வாங்கம்மா, எழுதுனவங்க நீங்களே வாசிங்க. உங்க வீட்டுக்காரர் வாசிச்சா பாடம் நடத்துத மாதிரி இருக்கு."

அவள் வாசித்தாள். பத்திர ஆபீசில் கட்சிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுகிற அதே குரல். நான்காவது விதி வந்தது.

"தப்பு" என்றார் ஜெசிந்தா அக்கா.

"விளையாட்டுல என்னக்கா தப்பு" என்றேன். "சமநிலைக்காக வச்சிருக்கேன். ஆளாளுக்குக் குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் சாவுக்கே மரியாதை இல்லாமப் போயிரும்."

"அது சரி தம்பி. ஆனா நெசத்துல நடக்குதத விட்டுட்டு எழுதலாமா? எங்க வீட்டுக்காரரு எனக்குக் குடுக்கேன்னு வந்து எல்லா டெஸ்டும் எடுத்தாரு. சுகர் இருந்ததாலதான் வேண்டாம்னுட்டாங்க. இல்லாட்டி இந்நேரம் நான் கடையில மெஷின் மிதிச்சிட்டிருப்பேன்."

"பொண்டாட்டி புருசனுக்குத் தாராளமாக் குடுக்கலாம்" என்றார் பாய். "போன மாசம் ஒன்பதாம் கட்டில்காரருக்கு அவரு சம்சாரம்தான குடுத்துச்சு. நீருதான வே கைதட்டி அனுப்பி வச்சீரு."

நான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தேன். நல்ல மரம். பகவதி தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆவுடைத்தங்கத்தைப் பார்த்து, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 11, வியாழன்

500. தாகம் இல்லை. வீட்டில் பேச்சும் இல்லை. காலையில் உப்புமா, மதியம் உப்புமா.

ஜூலை 12, வெள்ளி

620. எடை 62.5, 61.

பகவதி ஆபீசில் வேலை அதிகம் என்று காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். பத்து மணிக்கு ஆவுடைத்தங்கம் வந்து, "மேடம் கீழ லேப்ல இருக்காங்க சார். இரத்தம் குடுத்துட்டு கேன்டீன்ல இட்லி சாப்பிட்டாங்க, நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். பத்திர ஆபீசுக்கும் லேபுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும். நமக்கென்ன தெரியும்.

விளையாட்டு ஓடவில்லை. பாயும் அக்காவும் என்னோடு பேசவில்லை. இருவரும் என் தலைக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

450.

காலைக் காபிக்குப் பிறகு பகவதி எதிரே வந்து உட்கார்ந்தாள். இரத்த வகை பொருந்துகிறது, முதல் பரிசோதனையெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "டாக்டர்ட்ட வீட்ல யாருமே இல்லன்னு சொல்லியிருக்கீங்க. ஆறு மாசமா. நான் வீட்ல யாரு?" என்று கேட்டாள்.

இதற்கு மேல் எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை. எனக்குப் பயம். ஆபரேஷன் மேசையில் நான் படுப்பதில் பயம் இல்லை. அவள் படுப்பதை நினைத்தால்தான் பயம். ஒரு குறையும் இல்லாத உடம்பை எனக்காக அறுக்க வேண்டும். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கிட்னியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதனால்தான் இரண்டு பக்கமும் பொய் சொன்னேன். டாக்டரிடம் யாரும் இல்லை என்றும், இவளிடம் மனைவி தரக்கூடாது என்றும். இதைத்தான் அவளிடமும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "என் உடம்புக்கு எல்லைக்கல்லு நட நீங்க யாரு? உங்க அனுபோகத்துல இருக்குத சொத்தா அது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்காமல் செய்வதற்குப் பேர் பிணமெழுப்புதல் என்று எழுதி, அதை உரக்க வாசித்தும் காட்டியவன் நான். பயந்தது அவளுக்காகத்தான். ஆனாலும் அவளைக் கேட்கவில்லை என்பது உண்மை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"பாளையங்கோட்டையில் வசிக்கும் சிதம்பரநாதன் அவர்களுக்கு மேற்படியார் மனைவி பகவதி எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம் என்னவென்றால், எனக்குப் பிறவியிலேயே பாத்தியப்பட்டு நாளது தேதிவரை என் முழு அனுபோகத்தில் இருந்துவரும் கிட்னி இரண்டில் இடது பக்கத்து ஒன்றை, தங்கள்மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் தங்களுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறேன். இதில் எவ்வித வில்லங்கமும் கிடையாது. பிற்காலத்தில் இதை ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை. சொத்து விவரம்: வடக்கே மண்ணீரல், தெற்கே இடுப்பெலும்பு, கிழக்கே முதுகுத்தண்டு, மேற்கே விலா எலும்பு. இதற்குள்பட்ட கிட்னி ஒன்று."

அன்பினாலும் பிரியத்தினாலும் என்பது எல்லா செட்டில்மெண்ட் பத்திரத்திலும் வருகிற வழக்கமான வரி. ஆயிரம் பேருக்காக அவள் அதை எழுதியிருப்பாள். நான் அதை நாலு தடவை படித்தேன்.

பிறகு துவைக்கிற இடத்துக்குப் போய், படமாக வரைந்தால் கிழக்கும் மேற்கும் மாறி வரும் என்றேன்.

"என் உடம்பு. நான் நிக்குத திசைதான் கணக்கு" என்று சட்டையை ஓங்கிக் கல்லில் அடித்தாள். என் சட்டை.

ஜூலை 15, திங்கள்

600. எடை 62.8, 61.

பத்திரத்தை அறையில் காட்டினேன். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஜெசிந்தா அக்கா நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நாலு எல்லையும் போட்டிருக்காளே, ராசாத்தி."

"இத வாங்கிக்கிட்டு இன்னும் கையெழுத்துப் போடாம வச்சிருக்கீரா?" என்றார் பாய். "எனக்கு இப்படி ஒருத்தர் எழுதித் தந்தா நான் ஊசியப் புடுங்கிட்டு ஓடியிருப்பேன் வே."

"பயமா இருக்கு பாய்."

"இருக்கட்டும். மொதநா பஸ்ல ஏறி விசில் குடுக்கும்போது எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அதுக்காக வண்டிய எடுக்காம நிறுத்தவா முடியும்? உள்ள அம்பது பேரு உக்காந்திருக்கான்."

அவருக்குத் தர ஆள் கிடையாது. ஜெசிந்தா அக்கா இறந்தவர்களின் கிட்னிக்கான அரசாங்கப் பட்டியலில் பேர் பதிந்து மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். இருவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. நான் முடிவு சொல்லும்வரை ஆழிச்சுழியில் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். பூங்கொடியும் ஓணானும் ஒரு ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

630.

பகவதியின் ஆபீசுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் இன்றுதான் முதல் தடவை. ஒரு சிறிய அறை, இரண்டு மேசை, பெஞ்சில் ஏழெட்டுக் கட்சிக்காரர்கள். அவள் யாருக்கோ ஒரு வீட்டுமனைப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் வாங்குகிறவர் தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டு ஒளிந்து நின்று சொன்னால் நன்றாக இருக்காது. மடித்த பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "ஏத்துக்கிடுதேன்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் அக்கறையாகக் கேட்டார். "எந்த ஊரு நிலம் சார்?"

"இங்கதான்" என்றேன்.

"எத்தன சென்ட்?"

பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது, பிறகு மறுபடி சிரிப்பு. பத்திர எழுத்தர் தாளை வாங்கிப் படித்தார். முகம் மாறாமல், "எல்லை எல்லாம் சரியா இருக்கு. சாட்சிக்கு ரெண்டு பேரு வேணுமே" என்று பெஞ்சைப் பார்த்தார். கேட்ட பெரியவரும் அவர் மருமகனும் என்ன சொத்து என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எனக்கு இவ்வளவு சந்தோஷமான ஒரு மதியம் சமீபத்தில் இல்லை.

ஜூலை 17, புதன்

நான்காவது விதி அடிக்கப்பட்டது. பகவதி சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் கையொப்பமும் இட்டிருக்கிறாள், அடித்தல் திருத்தலுக்கு அதுதான் முறையாம்.

ஆழிச்சுழியில் பூங்கொடி தன் உயிரில் பாதியை ஓணானுக்குக் கொடுத்தாள். ராட்சசிக்கு ஆயுசு அதிகம், பாதி போனாலும் கிடக்கிறது. "ஏத்துக்கிடுதீங்களா பாய்?" என்று முறைப்படி கேட்டேன்.

"ஏத்துக்கிடுதேன். ஆனா உசுரு வந்ததும் மொதல்ல எனக்கு ஒரு எளநி வேணும்" என்றார். முழு இளநீர், வழுக்கையோடு, கொடுத்தேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். எங்களுக்கும் தொண்டை நனைந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

660. பகவதிக்கு இன்று ஸ்கேன். இரண்டு கிட்னியும் அழகாக இருப்பதாக டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததிலிருந்து கண்ணாடி முன் நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 28, புதன்

640. கடைசிப் பொருத்தமும் சரி. இனி அனுமதிக் குழு ஒன்றுதான் பாக்கி. தானம் தருகிறவரும் வாங்குகிறவரும் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை என்று அவர்களுக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். சந்தேகம் வந்தால் அனுமதி கிடையாது. கல்யாண ஆல்பம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பாயும் அக்காவும் என்னைக் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள். பாய் டிக்கெட் பரிசோதகர் மாதிரி மிரட்டுகிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று அனுமதிக் குழு. ஒரு நீள மேசை. மூன்று அதிகாரிகள், ஓரத்தில் எங்கள் டாக்டர். ஒரு வீடியோ கேமரா. பகவதி கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுச் சேலையில் வந்திருந்தாள். ஆல்பத்தைப் புரட்டிய அதிகாரி, மீசையோடு இருக்கும் இவர் யார் என்று கேட்டார். நான்தான் என்று நிரூபிக்கச் சிறிது நேரம் ஆனது.

பிறகு நடுவில் இருந்த அதிகாரி, ஒரு அம்மையார், பேனாவை எடுத்துக்கொண்டு பகவதியிடம் கேட்டார். என்ன ஆபரேஷன் என்று தெரியுமா? தெரியும் என்றாள். அதிலுள்ள ஆபத்து தெரியுமா? தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதற்காகத் தருகிறீர்கள்? "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்றாள். பத்திர ஆபீஸ் குரல் இல்லை அது.

"இதுல ஏதாவது கட்டாயம் உண்டாம்மா? பயப்படாமச் சொல்லுங்க."

"உண்டு மேடம்" என்றாள் பகவதி.

அம்மையாரின் பேனா நின்றது. டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இவருக்கு இஷ்டமே இல்ல. பயந்துக்கிட்டு எங்கிட்ட ஒண்ணு, டாக்டர்கிட்ட ஒண்ணுன்னு பொய் சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் இவரக் கட்டாயப்படுத்துனேன். எழுதிக்கிடுங்க."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. டாக்டராக இருக்கலாம். அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றது உண்மையா சார்?"

"உண்மைதான் மேடம்" என்றேன். அந்த டாக்டர் முன்னால் இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.